இரண்டு, எட்டு, பதினெட்டு: அணுக்கூடுகள் எண்ணப்பட்ட வரலாறு

சோடியம் அணுவின் பதினோரு எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சுற்றி 2, 8, 1 என்ற முறையில் அமைந்திருக்கின்றன என்பதும், முதற்கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18, நான்காவதில் 32 எலக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை என்பதும் இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரும் ஒப்பிக்கும் செய்திகள். கூட்டின் வரிசை எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையை இரட்டித்தால் இந்த எண்கள் கிடைத்துவிடுகின்றன. ஆதலால் யாரோ ஓர் அறிஞர் ஒரே அடிப்படை விதியிலிருந்து இவற்றைக் கணக்கிட்டு வருவித்திருப்பார் என்ற எண்ணம் பாடநூலைப் படிப்பவருக்கு எளிதில் உண்டாகிறது. வரலாற்றில் எண்கள்தாம் முதலில் வந்தன, காரணம் பின்னால் வந்தது. 1885 முதல் 1925 வரையிலான நாற்பது ஆண்டுகளில் நிறமாலையை அளந்தவர்களும், எக்ஸ் கதிர்களை ஆராய்ந்தவர்களும், தனிமங்களைக் குணம் பார்த்து வகைப்படுத்திய வேதியியலாளர்களும் தத்தம் வேலைக்காகச் சேர்த்துவைத்த எண்களையும் எழுத்துகளையும் இயற்பியலாளர்கள் எடுத்துக்கொண்டு, பலமுறை தவறாக அடுக்கி, கலைத்து, மீண்டும் அடுக்கியதன் விளைவே இன்றைய எலக்ட்ரான் அமைப்பு அட்டவணை.

இந்த வரலாற்றின் வேர் ஒரு கண்ணாடிப் பட்டறையில் இருக்கிறது. பவேரியாவின் பெனடிக்ட்பாய்ர்ன் என்ற ஊரில் பழைய மடாலயக் கட்டடமொன்றில் தொலைநோக்கி வில்லைகளைச் செய்துவந்த யோசப் ஃபிரான்ஹோஃபர், தம் கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாக அளக்க முயன்றபோது, 1814இல், சூரிய ஒளியின் நிறமாலையில், அதாவது முப்பட்டகத்தின் வழியே விரித்துப் பார்க்கப்பட்ட நிறப்பட்டையில், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கருங்கோடுகளைக் கண்டு வரைபடமாக்கினார். அவருக்கு அவை கண்ணாடியைச் சோதிக்க உதவும் அளவுகுறிகளே. அவற்றின் பொருளை 1859, 1860ஆம் ஆண்டுகளில் ஹைடல்பெர்க் நகரில் கிர்க்காஃபும் புன்சனும் விளக்கினர்: ஒவ்வொரு தனிமமும் சூடாகி ஒளிரும்போது தனக்கே உரிய சில நிற வரிகளை மட்டும் வெளியிடுகிறது, அந்த வரிகளே அதன் கைநாட்டு. சீசியமும் ருபிடியமும் இந்தக் கைநாட்டைக் கொண்டே கண்டறியப்பட்டன. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஷான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் பாக்சனும் நிறமாலைக் கருவியுடன் நோக்கினர். சூரிய விளிம்பின் தீக்கொழுந்துகளில் அக்காலத்தில் தெரிந்த மஞ்சள் வரி சோடியத்தினுடையதன்று என்று இங்கிலாந்தின் லாக்கியர் பின்னர் காட்ட, அதற்குரிய தனிமம் ஹீலியம் எனப் பெயர் பெற்றது. அந்த ஹீலியம் இவ்வரலாற்றின் முக்கியமான ஒரு திருப்பத்தில் மீண்டும் வரும்.

வரிகள் குவிந்தன, அவற்றின் ஒழுங்கு புலப்படவில்லை. ஸ்வீடனின் ஆங்ஸ்ட்ராம் ஹைட்ரஜனின் கண்ணுக்குத் தெரியும் நான்கு வரிகளின் அலைநீளங்களை மிக நுட்பமாக அளந்து வைத்திருந்தார். 1885இல் பாசல் நகரின் பெண்கள் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்த, அறுபது வயதை எட்டியிருந்த யோகான் பால்மர், அந்த நான்கு எண்களும் 3645.6 என்ற ஒரே எண்ணை 9/5, 16/12, 25/21, 36/32 ஆகிய பின்னங்களால் பெருக்கக் கிடைப்பவை என்று கண்டார். பின்னங்களின் மேலெண்கள் 3, 4, 5, 6 ஆகியவற்றின் வர்க்கங்கள். கீழெண்கள் அவ்வர்க்கங்களிலிருந்து 2இன் வர்க்கத்தைக் கழித்தவை. அணுவுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றிப் பால்மர் எதுவும் சொல்லவில்லை. எண்களில் இசைவைத் தேடும் கணக்காசிரியரின் ஆர்வம் மட்டுமே அவரைச் செலுத்தியது. சில ஆண்டுகளில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் ரிட்பெர்க் இதைப் பிற தனிமங்களுக்கும் விரித்து, ஒரு வரியின் அலை எண்ணை, அதாவது ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலைகள் அடங்கும் என்ற எண்ணிக்கையை, எப்போதும் இரண்டு எண்களின் வேறுபாடாக எழுதலாம் என்று காட்டினார். ஆற்றல் மட்டம் என்று இன்று அழைக்கப்படுவது உண்மையில் அங்கேயே பிறந்துவிட்டது எனலாம். அந்த எண்கள் ஆற்றலைக் குறிக்கின்றன என்பதுதான் அடுத்த கால் நூற்றாண்டுக்கு யாருக்கும் தெரியவில்லை.

அக்காலத்து நிறமாலையாளர்கள் கார உலோகங்களின் வரிகளை அவற்றின் தோற்றத்தைக் கொண்டு குடும்பங்களாகப் பிரித்தனர். கூர்மையாகத் தெரிந்தவை ‘ஷார்ப்’, முதன்மையாகத் துலங்கியவை ‘பிரின்சிபல்’, விளிம்பு மங்கியவை ‘டிஃப்யூஸ்’, பின்னர் சேர்க்கப்பட்ட அகச்சிவப்புக் குடும்பம் ‘ஃபண்டமெண்டல்’. இன்று எஸ், பி, டி, எஃப் என்று வழங்கும், கூட்டின் உட்பிரிவுகளான துணைக்கூடுகளின் பெயர்கள் இந்த நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளேயன்றி வேறில்லை. ஒளிப்படத் தகட்டில் ஒரு கோடு மங்கலாக விழுந்ததன் நினைவு, இரும்பின் எலக்ட்ரான் அமைப்பை எழுதும் மாணவரின் விடைத்தாளில் ‘டி’ என்ற எழுத்தாக இன்றும் உயிருடன் இருக்கிறது.

எலக்ட்ரான் 1897இல் ஜே. ஜே. தாம்சனால் இனங்காணப்பட்டதும், அணுவுக்குள் அது எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி முறையாக எழுந்தது. தாம்சன் 1904இல் நேர்மின்னேற்றக் கோளத்துக்குள் வளையங்களாகச் சுழலும் எலக்ட்ரான்களைக் கற்பித்தார்; அதற்குச் சான்றாக அமெரிக்கரான மேயரின் பழைய சோதனை ஒன்றையும் பயன்படுத்திக்கொண்டார். காந்தமேற்றிய ஊசிகளைத் தக்கைகளில் செருகி நீரில் மிதக்கவிட்டு, மேலே எதிர்முனைக் காந்தம் ஒன்றைப் பிடித்தால், ஐந்து ஊசிகள் வரை ஒரே வளையமாக நிற்கும். ஆறாவதைச் சேர்த்தால் ஒன்று நடுவே நகர்ந்துவிடும். ஒரு வளையத்துக்கு இடவரம்பு உண்டு, அது நிரம்பினால் வேறொன்று தோன்றும் என்ற கருத்து, தண்ணீர்த் தொட்டி ஒன்றிலிருந்து அணுவியலுக்கு வந்த கருத்து. தாம்சனின் அணு 1911இல் ரூதர்ஃபோர்டின் அணுக்கருவால் தகர்ந்தது. வளையங்கள் மட்டும் தப்பிப் பிழைத்தன.

டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் போர், மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டிடம் பயின்று திரும்பியவர், 1913 பிப்ரவரியில் கோப்பன்ஹேகனில் நிறமாலை ஆய்வாளரான ஹான்சன் கேட்ட ஒரு கேள்வியால் பால்மரின் வாய்பாட்டைக் கவனிக்க நேர்ந்தது. அதன் பின் சில வாரங்களில் எழுதி முடிக்கப்பட்ட முதற்கட்டுரை அவ்வாண்டு ஜூலையில் வெளிவந்தது. எலக்ட்ரான் எந்தத் தொலைவிலும் சுற்றலாம் என்ற பழைய இயக்கவியலின் உரிமையைப் போர் மறுத்தார்: சில குறிப்பிட்ட பாதைகளில் மட்டுமே அது ஒளியை வெளியிடாமல் சுற்றும், ஒரு பாதையிலிருந்து தாழ்ந்த பாதைக்கு விழும்போது இரண்டுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு ஒரே பொட்டலமாக ஒளியாகும். ஒரு பாதைக்குரிய ஆற்றலே ஆற்றல் மட்டம். ஹைட்ரஜனில் மிகத் தாழ்ந்த மட்டத்திலிருக்கும் எலக்ட்ரானை வெளியேற்ற 13.6 எலக்ட்ரான் வோல்ட் தேவை (ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்தத்தைக் கடந்து பெறும் ஆற்றலே ஓர் எலக்ட்ரான் வோல்ட்). இரண்டாம் மட்டத்திலிருந்து 3.4, மூன்றாவதிலிருந்து 1.51 போதும். மூன்றிலிருந்து இரண்டுக்கு விழும் எலக்ட்ரான் ஏறக்குறைய 1.89 எலக்ட்ரான் வோல்ட்டை வெளியிடுகிறது. அதுவே பால்மர் வரிசையின் சிவப்பு வரி. மட்டங்களைப் படிக்கட்டுக்கு ஒப்பிடும் வழக்கம் உண்டு. ஆனால் இந்தப் படிக்கட்டின் முதற்படி மிக உயரமானது, மேலே செல்லச் செல்லப் படிகள் நெருங்கி, கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் உவமை வழி தவறச் செய்யும்.

போரின் கருத்தைக் கண்டு தயங்கியவர்களுள் ரூதர்ஃபோர்டே ஒருவர். எந்த மட்டத்தில் போய் நிற்கப்போகிறது என்பது எலக்ட்ரானுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும் என்பது அவர் கடிதத்தில் எழுப்பிய வினா. ஐயத்தைக் குறைத்தது ஹீலியம். இங்கிலாந்தின் ஃபவுலர் 1912இல் ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த குழாயில் கண்டு, ஹைட்ரஜனுடையவை என்று கொண்ட சில வரிகளை, ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்தினுடையவை என்று போர் உரிமை மாற்றினார்; கருவின் மின்னேற்றம் இரு மடங்காதலால் வாய்பாட்டின் மாறிலி நான்கு மடங்காகும் என்பது அவர் வாதம். அளவீட்டின்படி அது நான்கு மடங்கன்று, 4.0016 மடங்கு என்று ஃபவுலர் மறுத்தார். அணுக்கருவும் அசையாமல் நிற்பதில்லை, எலக்ட்ரானோடு சேர்ந்து சிறிது ஆடுகிறது என்ற திருத்தத்தைக் கணக்கில் கொண்டால் மடங்கு 4.00163 ஆகிறது என்று போர் விடையளித்தார். இத்தகைய இசைவைத் தற்செயல் என்று ஒதுக்குவது அரிது. 1914இல் பெர்லினில் ஃபிராங்கும் ஹெர்ட்ஸும் பாதரச ஆவியில் எலக்ட்ரான்களைச் செலுத்தி, 4.9 எலக்ட்ரான் வோல்ட் என்ற அளவிலேயே அணு ஆற்றலை ஏற்கிறது, அதற்குக் குறைந்தால் ஏற்பதில்லை என்று கண்டனர். அணு அயனியாவதற்கான ஆற்றல் அது என்றே அவர்கள் முதலில் கருதினர். மட்டங்களுக்கு இடையிலான தாவல் என்று பொருள் கூறியவர் போர்.

ஓர் எலக்ட்ரான் மட்டும் உள்ள அணுவில் வெற்றி பெற்ற கோட்பாடு, பல எலக்ட்ரான்கள் உள்ள அணுவில் தடுமாறியது; பாடநூல்கள் சொல்லாமல் விடுவது இந்தத் தடுமாற்றத்தைத்தான். 1913 செப்டம்பரில் வெளிவந்த இரண்டாம் கட்டுரையில் போர் முதல் இருபத்து நான்கு தனிமங்களுக்கு எலக்ட்ரான் பங்கீட்டைத் தந்தார். லித்தியத்துக்கு 2, 1 என்றும் கார்பனுக்கு 2, 4 என்றும் அவர் எழுதியது இன்றைய பாடத்தோடு பொருந்துகிறது. நைட்ரஜனுக்கு அவர் எழுதியது 4, 3. ஆக்சிஜனுக்கு 4, 2, 2. நியானுக்கு 8, 2. எட்டு உள்ளே, இரண்டு வெளியே. இவற்றுள் பல இயக்கவியல் கணக்கிலிருந்து வந்தவையல்ல. நைட்ரஜன் மூன்று ஹைட்ரஜன்களோடு சேர்கிறது, அதாவது அதன் இணைதிறன் மூன்று என்பது வேதியியலாளருக்கு நெடுங்காலமாகத் தெரியும். எனவே வெளி வளையத்தில் மூன்று வைக்கப்பட்டு, மீதி நான்கும் உள்ளே தள்ளப்பட்டன. அணுவைப் பற்றிய புதிய இயற்பியல், தனக்குத் தெரியாத இடத்தில் வேதியியலின் பழைய அனுபவத்தைக் கடன் வாங்கியது. இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. கடன் என்று ஒப்புக்கொள்ளாமல் பின்வந்தவர்கள் அதை ஈட்டிய செல்வமாகக் காட்டியதே குறை.

இதற்கிடையே எழுத்துகள் வேறொரு திசையிலிருந்து வந்தன. எக்ஸ் கதிர் பட்ட உலோகங்கள் தாமே வெளியிடும் கதிர்களில் ஊடுருவும் திறன் மிக்கது, குறைந்தது என இரு வகை உண்டு என்று கண்ட சார்லஸ் பார்க்லா, அவற்றை முதலில் ஏ, பி என்றே குறித்தார். இவற்றினும் ஊடுருவல் மிக்க வகைகளும் இருக்கக்கூடும், அவற்றுக்கு முன்னே இடம் விட்டுவைப்பது நல்லது என்று எண்ணி, 1911இல் அப்பெயர்களைக் கே, எல் என்று மாற்றினார். அப்படி வேறெதுவும் கிடைக்கவில்லை. கே-யே அணுவின் அடிநிலமாக முடிந்தது. முதற்கூடு ஏன் ஏ-யில் தொடங்கவில்லை என்று கேட்கும் மாணவருக்கு, வராத விருந்தினருக்காகப் பத்து இருக்கைகள் இன்றும் காலியாகக் கிடக்கின்றன என்பதே விடை. 1913, 1914இல் மோஸ்லி இக்கதிர்களின் அதிர்வெண்ணை அளந்து, அதன் வர்க்கமூலம் தனிமத்தின் வரிசை எண்ணோடு சீராக ஏறுகிறது என்று காட்டியதால், அணு எடைக்குப் பதில் அணு எண் தனிமங்களின் அடையாளமாயிற்று. அவர் 1915 ஆகஸ்டில் கலிப்போலிப் போரில் இருபத்தேழு வயதில் மாண்டார். உள் வளையத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியேற்றப்பட, அந்த வெற்றிடத்துக்கு வெளியிலிருந்து மற்றொன்று விழுவதால் எக்ஸ் கதிர் உண்டாகிறது என்று ஜெர்மனியின் கோசல் விளக்கிய பின், கதிர்களின் பெயர்களான கே, எல், எம் ஆகியவை எலக்ட்ரான் கூடுகளின் பெயர்களாயின.

வேதியியலாளர்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் லூயிஸ் 1916இல் எலக்ட்ரான்களைக் கனசதுரத்தின் எட்டு மூலைகளில் வைத்தார். லாங்மியூர் 1919 முதல் அந்த எட்டை ஊரறியச் செய்தார். சுற்றும் எலக்ட்ரானும் மூலையில் நிற்கும் எலக்ட்ரானும் ஒன்றோடொன்று ஒவ்வாதவை. ஆயினும் எண்ணிக்கையில் முன்னே சென்றவர்கள் வேதியியலாளர்களே. வேல்ஸின் அபரிஸ்ட்வித் கல்லூரியில் பணியாற்றிய சார்லஸ் பரி, 1921இல் வெளியிட்ட சிறு கட்டுரையில், கூடுகளின் கொள்ளளவு 2, 8, 18, 32 என்றும், வெளிக்கூட்டில் எட்டுக்கு மேல் தங்குவதில்லை என்றும், உட்கூடு எட்டிலிருந்து பதினெட்டாகவும் பதினெட்டிலிருந்து முப்பத்திரண்டாகவும் விரியும் இடங்களிலேயே இடைநிலைத் தனிமங்களும் அருமண் தனிமங்களும் தோன்றுகின்றன என்றும் எழுதினார். போரின் குவாண்டம் கோட்பாட்டின் துணை சிறிதும் இல்லாமல், தனிமங்களின் நடத்தையை மட்டும் வைத்து எழுதப்பட்ட அக்கட்டுரை பெற வேண்டிய புகழைப் பெறவில்லை.

புகழ் போருக்குப் போனது; அதற்குக் காரணமும் உண்டு. 1921 மார்ச்சில் கோப்பன்ஹேகனில் அவருடைய ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. 1922 ஜூனில் கொட்டிங்கனில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டவர்களுள் இளம் இயற்பியலாளர்களான பௌலியும் ஹைசன்பர்க்கும் இருந்தனர். எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக அணுவில் வந்து சேர்வதாகக் கற்பனை செய்து, இரண்டாம் கூட்டின் எட்டை 4, 4 என்றும், மூன்றாவதன் பதினெட்டை 6, 6, 6 என்றும், நான்காவதன் முப்பத்திரண்டை 8, 8, 8, 8 என்றும் அவர் சமமாகப் பகிர்ந்தார். ஏன் நான்கு, ஏன் ஆறு என்பதற்கு உறுதியான கணக்கு இருக்கவில்லை. வெளியிடப்படாத நுண்ணிய கணக்குகள் கோப்பன்ஹேகனில் இருக்கின்றன என்று வெளிநாட்டு இயற்பியலாளர் பலர் நம்பினர் என்பதை அவருடைய உதவியாளர் கிராமர்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அந்த அட்டவணைக்கு வந்த சோதனை எழுபத்திரண்டாம் தனிமம். அருமண் தனிமங்கள் என்பவை லாந்தனத்தை அடுத்து வரும், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒத்த உலோகங்கள். புதிதாகச் சேரும் எலக்ட்ரான்கள் வெளிக்கூட்டுக்குப் போகாமல் உள்ளே ஆழ்ந்த நான்காம் கூட்டை 18இலிருந்து 32க்கு நிரப்புவதே அவற்றின் ஒற்றுமைக்குக் காரணம் என்பது புதிய விளக்கம். சேரும் எலக்ட்ரான்கள் பதினான்கு. எனவே அணு எண் 58இல் தொடங்கும் நிரப்பம் 71இல் முடிய வேண்டும். 72 அருமண்ணாக இருக்க இயலாது. அது நான்கு இணைதிறன் கொண்ட சிர்கோனியத்தின் உறவாக வேண்டும். ஆனால் பாரிஸின் யூர்பைன் 1911இலேயே அருமண் படிவங்களிலிருந்து ‘செல்டியம்’ என்ற தனிமத்தைக் கண்டதாக அறிவித்து, பின்னர் 72ஆம் இடத்தை அதற்கு உரியதாக்கியிருந்தார். 1914இல் அவர் தம் மாதிரிகளுடன் ஆக்ஸ்ஃபோர்டு சென்றபோது மோஸ்லியின் கருவியில் அதற்குரிய வரிகள் தெரியவில்லை. 1922இல் தோவிலியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அதே மாதிரிகளில் மிக மங்கலான இரண்டு எக்ஸ் கதிர் வரிகளைக் கண்டதாக எழுத, ரூதர்ஃபோர்டும் அதை வரவேற்றார். கொட்டிங்கன் உரைகளின் ஈரம் காயுமுன்பே போர் தம் முடிவை ஐயுற்று, 72 பற்றித் தாம் சொன்னது தவறாகிவிட்டது என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். கோட்பாடு கம்பீரமாக முன்னறிவித்தது, சோதனை பணிந்து உறுதி செய்தது என்று பின்னர் பரவிய கதையில் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

தயக்கத்தைப் போக்கியவர்கள் அவருடைய நிறுவனத்தில் இருந்த இரு அயல்நாட்டினர்: லுண்டில் எக்ஸ் கதிர் அளவையில் தேர்ந்த டச்சுக்காரர் கோஸ்டர், ஹங்கேரிய வேதியியலாளர் ஹெவசி. அருமண் கனிமங்களை விட்டுவிட்டு அவர்கள் சிர்கோனியக் கனிமங்களை எடுத்து ஆராய்ந்தனர். 72இன் வரிகள் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தன. 1922 டிசம்பர் 11 அன்று ஸ்டாக்ஹோமில் தம் நோபல் உரையை நிகழ்த்துவதற்குச் சற்று முன்பு தொலைபேசியில் வந்த இச்செய்தியைப் போர் அவ்வுரையிலேயே அறிவித்தார். கோப்பன்ஹேகனின் பழைய இலத்தீன் பெயரான ஹாஃப்னியா என்பதிலிருந்து தனிமம் ஹாஃப்னியம் எனப் பெயர் பெற்றது. பாரிஸோடு நடந்த உரிமைப் பூசல் சில ஆண்டுகள் நீடித்தது. வியப்பு என்னவென்றால், சிர்கோனியக் கனிமங்களில் பொதுவாகச் சில விழுக்காடு அளவுக்குக் கலந்திருக்கும் ஹாஃப்னியம் அப்படியொன்றும் அரிய பொருளன்று. சிர்கோனியம் கண்டறியப்பட்டு நூறாண்டுக்கு மேலாகியும், அதை எடைபோட்டவர் அனைவரும் ஹாஃப்னியத்தையும் சேர்த்தே எடைபோட்டுக்கொண்டிருந்தனர். 72 சிர்கோனியத்தோடு சேரும் என்று பரியும் எழுதியிருந்தார் என்பதை இங்கே நினைவிற்கொண்டால், இந்த வெற்றியைக் குவாண்டம் கோட்பாட்டின் தனி வெற்றியாகக் கொள்வது பொருந்தாது என்பது விளங்கும்.

ஹாஃப்னியம் அட்டவணையைக் காப்பாற்றியது. அதன் உட்பிரிவுகளைக் காப்பாற்றவில்லை. எக்ஸ் கதிர் அளவைகள் கே கூட்டில் ஒரு மட்டம், எல் கூட்டில் மூன்று, எம் கூட்டில் ஐந்து, என் கூட்டில் ஏழு எனப் பிரிந்திருப்பதைக் காட்டியிருந்தன. கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த எட்மண்ட் ஸ்டோனர் 1924 அக்டோபரில் இந்த மட்டங்களுக்கு எலக்ட்ரான்களைப் புதிதாகப் பங்கிட்டார்: கே-க்கு 2; எல்-லுக்கு 2, 2, 4; எம்-முக்கு 2, 2, 4, 4, 6; என்-னுக்கு 2, 2, 4, 4, 6, 6, 8. கூட்டிப் பார்த்தால் 2, 8, 18, 32. போரின் சமபங்கு போய், இன்றைய எஸ் 2, பி 6, டி 10, எஃப் 14 என்ற பங்கீடு வந்துவிட்டது. பர்மிங்ஹாமைச் சேர்ந்த வேதியியலாளர் மெயின் ஸ்மித் சில மாதங்களுக்கு முன்பே வேதியியல் சான்றுகளைக் கொண்டு இதே பங்கீட்டை அச்சிட்டிருந்தார். தொழில் வேதியியலாளர் படிக்கும் இதழில் வந்த அதை இயற்பியலாளர் எவரும் கவனிக்கவில்லை.

ஸ்டோனரின் கட்டுரை ஹாம்பர்க்கில் இருந்த வூல்ஃப்காங் பௌலியின் கண்ணில் பட்டது, இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் அணு அமைப்பு பற்றிய தம் நூலின் புதிய பதிப்பின் முன்னுரையில் அதைக் குறிப்பிட்டிருந்ததால்தான். ஓர் எலக்ட்ரானின் நிலையை முழுமையாகக் குறிக்க நான்கு எண்கள் வேண்டும் என்று பௌலி கொண்டார். அவை குவாண்டம் எண்கள்: முதலாவது கூட்டையும், இரண்டாவது துணைக்கூட்டையும், மூன்றாவது காந்தப்புலத்தில் அது கொள்ளும் திசையையும் குறிக்கும், நான்காவது இரண்டே மதிப்புகள் கொண்டது, அதற்குப் படமாக வரையத்தக்க பொருள் எதையும் அவர் தரவில்லை. 1925 ஜனவரியில் அவர் முன்வைத்த தவிர்க்கைத் தத்துவத்தின் சாரம், ஓர் அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரான்களுக்கும் நான்கு எண்களும் ஒன்றாக இருக்கலாகாது என்பது. இரண்டாம் கூட்டில் எஸ் வகைக்கு ஒன்று, பி வகைக்கு மூன்று என நான்கு நிலைகள், ஒவ்வொன்றிலும் இருவர், ஆகவே எட்டு. மூன்றாம் கூட்டில் ஒன்று, மூன்று, ஐந்து என ஒன்பது நிலைகள், ஆகவே பதினெட்டு. நாற்பதாண்டுகளாகப் பலரும் பல இடங்களில் பொறுக்கி வைத்த எண்கள் ஒரே தடையாணையில் அடங்கின. நான்காவது எண் எலக்ட்ரானின் தற்சுழற்சியைக் குறிக்கிறது என்பதை அதே ஆண்டின் இறுதியில் லைடனின் இளைஞர்கள் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் முன்மொழிந்தனர். 1926இல் ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடு வந்தபின் பாதைகள் மறைந்து, எலக்ட்ரான் இருப்பதற்கான வாய்ப்பு மிகுந்த வெளிப்பகுதிகளான ஆர்பிட்டால்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. தமிழகப் பாடநூல்களின் ‘கூடு’ என்ற சொல்லும், இலங்கைப் பாடநூல்களின் ‘சக்தி மட்டம்’ என்ற சொல்லும் அந்த மாற்றத்துக்குப் பின்னும் பிழையின்றி நிற்பவை, ‘வட்டப்பாதை’ என்ற சொல் அப்படி நிற்பதில்லை.

பௌலியின் தத்துவம் ஒரு கூட்டில் எத்தனை பேர் இருக்கலாம் என்று சொல்கிறதேயன்றி, எந்தக் கூடு எப்போது நிரம்பத் தொடங்கும் என்று சொல்வதில்லை. கூடுகளின் கொள்ளளவு 2, 8, 18, 32. தனிம வரிசை அட்டவணையின் வரிசைகளோ 2, 8, 8, 18, 18, 32, 32 என்ற நீளம் கொண்டவை. பொட்டாசியத்தின் பத்தொன்பதாம் எலக்ட்ரான் மூன்றாம் கூட்டின் டி-க்குப் போகாமல் நான்காம் கூட்டின் எஸ்-ஸில் அமர்வதே இந்த வேறுபாட்டின் தொடக்கம். முதல் இரண்டு குவாண்டம் எண்களின் கூட்டுத்தொகை சிறியதே முதலில் நிரம்பும் என்று மாணவர்கள் மனனம் செய்யும் விதி, பிரான்சின் ஜானே, ஜெர்மனியின் மாடலுங் ஆகியோரின் அட்டவணைகளிலிருந்து வந்தது. குரோமியமும் தாமிரமும் அதை மீறுகின்றன. நோபல் பரிசு பெற்றபின் ஆற்றிய உரையில் பௌலியே, தம் தத்துவத்துக்கு மேலும் பொதுவான கருத்துகளிலிருந்து ஒரு தருக்கக் காரணத்தைத் தம்மால் காட்ட இயலவில்லை என்பதை மறைக்காமல் கூறினார்.

ஹாஃப்னியமும் சிர்கோனியமும் இத்தனை ஒத்திருப்பதற்குக் காரணம் வெளிக்கூட்டின் ஒற்றுமை மட்டுமன்று. இடையில் நிரம்பும் பதினான்கு எஃப் எலக்ட்ரான்கள் கருவின் ஈர்ப்பை வெளி எலக்ட்ரான்களுக்குச் சரிவர மறைப்பதில்லை. ஆகவே அணு சுருங்கி, ஒரு கூடு கூடுதலாக இருந்தும் ஹாஃப்னியம் சிர்கோனியத்தின் அளவிலேயே நின்றுவிடுகிறது. வேதியியலாளர்களை நூறாண்டுக்கு மேல் ஏமாற்றிய இந்த ஒற்றுமை அணு உலைகளுக்கு இடையூறானது. சிர்கோனியம் நியூட்ரான்களை ஏறக்குறைய விழுங்குவதில்லை என்பதால் எரிபொருள் குழாய்கள் அதைக் கொண்டு செய்யப்படுகின்றன; ஹாஃப்னியமோ அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு விழுங்குகிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்கான் என்ற கனிமத்திலும் இவ்விரண்டும் பிரியாமல் சேர்ந்தே இருக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்தின் பழையகாயலில் அணுசக்தித் துறை நடத்தும் சிர்கோனிய வளாகத்தின் வேலைகளுள் ஒன்று, சிர்கானிலிருந்து வரும் சிர்கோனியத்தை அணு உலைக்கு ஏற்றதாக்க அதிலிருந்து ஹாஃப்னியத்தைப் பிரித்தெடுப்பது.